பச்சைக்கொடியார் அசையாதிருந்த இருபது நிமிடம்

எங்கள் ராயபுரம் தெருவில் பச்சைக்கொடியாரின் அனுமதி இல்லாமல் ஒரு கொசுகூட இடம்பெயர்ந்ததில்லை. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் பச்சைக்கொடி காட்டி, வேகன்களைக் கோக்கும் ஷண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான், கை பெறவில்லை. தண்ணீர் லாரி, மாதா தேர், வேலைக்குக் கிளம்பும் நான், எதுவானாலும் அவர் கையை உயர்த்தி அசைத்த பிறகே தெருமுனையைத் தாண்டும். ஒருமுறை அவர் டீ குடிக்கப் போயிருந்ததால் மாப்பிள்ளை கார் காத்திருந்தது. என் நாட்குறிப்பில் பதினொரு நிமிடம் என்று இருக்கிறது; பெண் வீட்டார் பதினான்கு என்பார்கள்.

போன ஆடி, இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டிக்குத் தூக்கிய வலக்கை பாதியில் நின்றது. வாய் கோணியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் டாக்டர் விடவில்லை. கழுத்து ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கத்தி வைக்க வேண்டும் என்றார். சிறுநீரகம் பலவீனம் என்பதால், ரத்தக்குழாயைப் படத்தில் காட்டப் போடும் மருந்து ஊசி கிடையாது. எம்.ஆர்.ஐ. படத்தில் ஓடும் ரத்தம் தானாகவே வெள்ளையாகத் தெரியுமாம். ஒரே நிபந்தனை, ஆள் அசையக் கூடாது.

அவர் மனைவி ரோசம்மாவும் நானும் ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். இயந்திரம் ‘டக் டக் டடாங்’ என்றது. வேகன்கள் மோதிக்கொள்ளும் அதே சத்தம். உள்ளே அவர் கை எழுந்து, இயந்திரத்தின் கூரையில் இடித்து, அசைந்தது. படத்தில் கழுத்து மூன்றாகத் தெரிந்தது.

“ஐயா, கைய ஆட்டாதீங்க,” என்றார் மைக்கில் டெக்னீஷியன் பெண்.

“நான் இன்னாம்மா பண்றது? வண்டி கோத்துக்கினு கீது. கை காட்டலன்னா டிரைவர் இன்னா பண்ணுவான்?”

கையைப் பட்டை போட்டுக் கட்டினார்கள். கால் கட்டைவிரல் சிக்னல் கொடுத்தது. கழுத்தும் கூடவே ஆடியது.

“இன்னொரு தடவ ஆடினா வேற நாள்தான் வரணும்,” என்றார் அந்தப் பெண். வேறு நாள் வரை அந்தக் குழாய் தாங்குமா என்று அவர் சொல்லவில்லை. ரோசம்மா மைக்கைப் பிடுங்கினார்.

“யோவ், நான்தான். சிக்னலு சிகப்பு. லைன்ல ஒரு ஆளு வேல செஞ்சிகினு கீறான். நீ கைய தூக்கினா அவன் பூடுவான்.”

“யாரு ஆளு?”

“நீதான்யா.”

அதன்பிறகு இருபது நிமிடம், என் கடிகாரத்தின்படி, கட்டைவிரல்கூட அசையவில்லை.

படத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இடப்பக்கம் மெலிந்திருந்தது, அறுபடவில்லை. மாத்திரை போதும் என்றார் டாக்டர். பச்சைக்கொடியார் மெலிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஸ்லோவா போவுது. ஆனா போவுது,” என்று அதற்கும் ஒருமுறை கை அசைத்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் தெருமுனைக்கு வந்ததும் என் கால் கொஞ்சம் நின்றது. ஐந்தாம் நாள் காலை அந்தக் கை உயர்ந்தது. என் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தபடி நான் மெதுவாகவே நடந்தேன்.