பேச்சுத் துணைக்கு வந்தவள்

மனைவி நஜ்முன்னிசாவை எப்படியாவது மதுரைக்குத் திரும்பக் கூட்டி வந்துவிடுவது என்று கப்பலிலேயே முடிவு செய்தேன்.

கப்பல் செலவு மகன் சிராஜுடையது. சென்னையில் ஏற்றி, கடலைச் சுற்றிக் காட்டி, சென்னையிலேயே இறக்கிவிடும் கப்பல். சாப்பாட்டு மேசையில் மருமகள் நுஸைபா பேரனைத் தூக்கி நஜ்முவின் மடியில் வைத்தாள்.

"அடுத்த மாசம் வேலைக்குப் போகணும் மாமி. இவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் நீங்க எங்ககூடவே இருந்துட்டா நல்லாருக்கும்."

கப்பல் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு மதுரையில் செருப்புக் கடை இருக்கிறது. கடை இருப்பவனை யாரும் கூப்பிடுவதில்லை.

நஜ்மு குனிந்து குழந்தையின் தலையை முகர்ந்தாள். எனக்கு அது பதிலாகத்தான் தெரிந்தது.

சென்னையில் சிராஜ் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பும் காலையில் அவன் முன்னால் கண்ணைக் கசக்கினேன். "கப்பல்ல தூக்கமே இல்லடா. தனியா ஓட்டுனா எதாவது லாரிக்குப் பின்னால சொருகிருவேன். அம்மா பக்கத்துல உக்காந்து பேச்சுக் கொடுத்தா தூங்காமப் போயிருவேன்."

அவளை மதுரை வீட்டுக்குள் விட்டால் போதும். மாடித் தொட்டிச் செடிகள், பக்கத்து வீட்டு முனீஸ்வரி என்று ஒவ்வொன்றாக அவளைப் பிடித்துக்கொள்ளும்.

"வாரேன்" என்றாள் உடனே. சிராஜ் டிக்கியில் ஏற்ற வேண்டியதை ஏற்றினான். நான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஒரு டம்ளர் அரிசிக்கு எம்புட்டுத் தண்ணி?"

"இப்ப எதுக்கு அது?"

"தூங்காம இருக்கத்தான். சொல்லுங்க."

"தெரியாது."

"ரெண்டரை. மூணு விசில். திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். விழுப்புரத்தில் ரசம் வைத்தேன். நுரை கூடியதும் இறக்கினேன். உளுந்தூர்பேட்டையில் மாவு புளித்தது. திருச்சி காவிரிப் பாலத்தின் மேல் கேஸ் சிலிண்டர் மாற்றினேன்.

நடுநடுவே நானும் என் வேலையைப் பார்த்தேன்.

"நம்ம ஊரு மல்லி அங்க கிடைக்குமா?"

"கிடைக்காது."

"முனீஸ்வரி மாதிரி ஆளு?"

"கிடைக்காது."

"மொட்டை மாடிக் காத்து?"

"அதுவும் கிடைக்காது."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் மூன்று முறை தொடர்ந்து ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். நான் சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினேன்.

விராலிமலைப் பக்கம் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"தூசி."

கார்க் கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மேலூரில் பரீட்சை வைத்தாள்.

"பிரஷர் மாத்திரை?"

"காலைல சாப்பிட்டதும்."

"மீன் கொழம்பு?"

"மீனப் போட்ட பெறகு கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது."

"குழாத் தண்ணி?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். விடியக்காலம்."

"கெட்டிக்காரரு சிராஜத்தா நீங்க." சிராஜின் அப்பா என்றுதான் எப்போதும் என்னைக் கூப்பிடுவாள்.

மாட்டுத்தாவணி நெரிசலிலும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

வீட்டு முன்னால் நிறுத்தியபோது பள்ளிவாசலில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு சொன்னார்கள். டிக்கியைத் திறந்தேன். ஒரே ஒரு பை. என்னுடையது.

"சிராஜ் உன் பைய ஏத்த மறந்துட்டான் போல."

"மறக்கல. அங்கயே இருக்கட்டும்னேன். நாளைக்கு ரயிலுக்குப் போறேன்."

கப்பலை விட்டு இறங்கியும் எனக்கு இன்னும் தரை ஆடியது. டிக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த?"

"தூங்கிருவேன்னு சொன்னீங்கள்ல."

சாவியை என் கையிலிருந்து வாங்கி அவளே கதவைத் திறந்தாள். உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. விளக்கு சுவிட்சை இருட்டில் தடவினேன்.

"நஜ்மு, எனக்கு ஒரு ரசம் வைக்கக்கூடத் தெரியாது."

"ஏன், விழுப்புரத்துல நல்லாத்தான வச்சீங்க" என்றாள்.