கியாரண்டி இல்லாத கை

"முதல்ல அந்த 'டாக்டர்'ங்கிறத எடுங்க," என்றாள் தமிழினி.

ஏணியின் உச்சியில் நின்றிருந்த வளவன் கீழே குனிந்து பார்த்தான். பாதி கட்டிய பிளெக்ஸ் பேனர் அவன் கையில் படபடத்துக்கொண்டிருந்தது. பாலக்கரைப் பக்கம் போகிற பஸ்ஸில் இருப்பவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்து: 'டாக்டர் தமிழினி. பக்கவாதம் 100% குணம். கியாரண்டி.'

"ஏன் மேடம், பேரு தப்பா வந்துடுச்சா?"

"பேரு மட்டுந்தான் சரியா வந்துருக்குது. நான் டாக்டர் இல்ல. குணமாவும்னு கியாரண்டி குடுக்கறது எங்க தொழில்ல கூடவே கூடாது. பேஷண்ட் வூட்டுலேர்ந்து இந்த மாதிரி அன்பளிப்பும் வாங்கக் கூடாது. ஒரே பேனர்ல இத்தினி தப்பு பண்ண முடியும்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியுது."

"எங்க மாமாவுக்குக் கை வருதுல்ல மேடம்?"

"கொஞ்சம் அசையுது."

"அப்ப குணந்தான?"

"முன்னேற்றம். குணம்னு எழுதினா சட்டத்துக்கு நான் பதில் சொல்லணும். எறங்குங்க."

தமிழினி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அந்தப் பெயரைச் சொன்னால் விருத்தாசலத்தில் பாதிப் பேர் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர், "ஓ, பிசியோவா?" என்றார்கள். நோயோ விபத்தோ வந்து முடங்கிய மனிதர், சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து தன் வேலைக்குத் திரும்புவதுவரை தன் நாளைத் தானே நடத்திக்கொள்ளப் பழக்குவதுதான் அவள் படிப்பு என்று அவள் ஒவ்வொருவருக்கும் விளக்குவாள். கிளினிக்குக்கு நாற்காலி வாங்குவதற்கு முன்பே தன் பதிவுச் சான்றிதழுக்கும் நடத்தை விதிகளுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவள் அவள்.

வளவனின் தாய்மாமன் சாமிதுரை, பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளாத தனிக்கட்டை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது: "ஒன்னுமில்ல." தாகம் எடுத்தாலும் ஒன்னுமில்ல, பஸ்ஸு வந்தாலும் ஒன்னுமில்ல. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த வளவன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவன். மாமாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம், பாசம் ரொம்ப.

ஏணியிலிருந்து இறங்கிய வளவன் மறுநாளே தப்பைத் திருத்திவிட்டான். புதுப் பேனரைத் தமிழினி பார்த்தபோது மணி பத்து; ஊர் அதற்குள் பார்த்து முடித்திருந்தது.

'தமிழினி டாக்டர் அல்ல. குணமாகும் என்பதற்கு கியாரண்டி இல்லை.'

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து வந்து படித்தார்கள்.

"போலி டாக்டராம்பா. மாட்டிக்கிட்டாங்களாட்டம் இருக்குது."

"அவுங்களே போர்டு வச்சு ஒத்துக்கிட்டாங்க, பாரு. நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டம் இருக்குது."

தமிழினி தலையைப் பிடித்துக்கொண்டாள். "வளவன், அதக் கழட்டுங்க!"

"நீங்க சொன்னதத்தான மேடம் போட்டேன்? ஒரு வார்த்த கூட நான் சேக்கல."

அதுவும் உண்மைதான்.

இந்த அமளி எதுவும் உள்ளறைக்குள் வராது. அங்கே சாமிதுரை மேஜை முன் உட்கார்ந்திருப்பார். அவருடைய நல்ல கையான இடது கைக்கு, பெரிய துணியுறை ஒன்றை மாட்டி மணிக்கட்டில் கட்டியிருந்தாள் தமிழினி. நல்ல கை எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தால், விழுந்த கை விழுந்தே கிடக்கும். நல்ல கையைக் கட்டிப் போட்டால், வேறு வழியில்லாமல் மற்றது எழுந்து வரும். அதுதான் சிகிச்சை.

அவர் சம்மதமில்லாமல் அவள் அதைச் செய்யவில்லை. டிக் போட்ட அட்டையும் பெருக்கல் குறி போட்ட அட்டையும் வைத்து, மெதுவாக விளக்கிக் கேட்டாள். அவர் டிக்கைத் தொட்டார். அன்றாடம் என்னென்ன செய்வார் என்று அவரையே கேட்டாள். எந்தக் கையால் சாப்பிடுவார் என்றபோது வலது கையைத் தொட்டுக் காட்டினார். எந்த வேலைக்குத் திரும்ப ஆசை என்பதை வீட்டார் முடிவு செய்யக் கூடாது, நோயாளிதான் சொல்ல வேண்டும். வளவன், "மாமா மொதல்ல போன் பேசணும் மேடம்," என்றான். அவள் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுப் படங்களைப் பரப்பினாள். செல்போன், சைக்கிள், சீப்பு, பிரஷ். சாமிதுரை பிரஷ்ஷின் மேல் விரலை வைத்து, அதை எடுக்கவே இல்லை.

சிக்கல் என்னவென்றால், சிரிப்பு. இடது கைக்கு உறையை மாட்டி, வலது கையில் பிரஷ்ஷைச் செருகியதும் அவர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். உறை மாட்டிய கையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிச் சிரிப்பார். கண்ணில் நீர் வரும்.

"வலிக்குதா அய்யா? வேண்டாமா? நிறுத்திடட்டுமா?"

"ஒன்னுமில்ல," என்பார். டிக் அட்டையைத் தொடுவார். மறுபடி சிரிப்பார்.

காரணமில்லாத சிரிப்பு தன் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம் என்பதால், விதிப்படி அவரை நரம்பு டாக்டரிடம் அனுப்பினாள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு, போகப் போகச் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். அவரிடமும் மாமா உறையைக் காட்டிச் சிரித்ததாக வளவன் வந்து சொன்னான்.

ஆனால் அந்தக் கை! அதைப் பற்றித் தமிழினி வெளியாள் யாரிடமும் சொல்லவில்லை, நோயாளியின் ரகசியம். சொல்ல அனுமதி இருந்திருந்தாலும் அவளுக்குச் சொல் கிடைத்திருக்காது. ஒரு நாள் காலை, மேஜைமேல் செத்த மீன்போலக் கிடந்த அந்தக் கையின் ஆள்காட்டி விரல், தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதுபோல லேசாக நிமிர்ந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். எங்கேயோ மூளைக்குள் ஒரு பாதை அடைபட்டுப்போய், இந்த மனிதர் இருட்டில் தடவித் தடவிப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியதுதான். கண்ணெதிரே அது நடந்தபோது அவளுக்குக் கை கூப்பத் தோன்றியது.

பிறகு கட்டைவிரல். பிறகு மணிக்கட்டு. பிறகு பிரஷ் தானாக நின்றது. முதலில் புள்ளி, பிறகு கோணல் கோடு, பிறகு கோடு.

வெளியே பெயர் கெட்டுக்கொண்டே போனது. போலி என்ற பேச்சை அடக்க, பதிவுச் சான்றிதழின் நகலை வாசலில் ஒட்டச் சொல்லி வளவனிடம் கொடுத்தாள். அவன் அதை ஒட்டினான். கூடவே போட்டோ எடுத்து ஊரிலிருந்த அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டான். ஆதாரம் வேண்டுமே என்று, கதவு இடுக்கு வழியாகத் தான் எடுத்த வீடியோவையும் சேர்த்துவிட்டான். சாமிதுரையின் கை கோடு போடுகிற வீடியோ.

"நோயாளியோட வீடியோவ அவரு அனுமதி இல்லாம வெளிய விடறது எவ்ளோ பெரிய தப்பு தெரியுமா? ஒடனே அழிங்க!"

வளவன் உடனே அழித்தான். அதோடு விட்டானா? எல்லாக் குரூப்பிலும் ஒரு செய்தி போட்டான்: 'முன்பு போட்ட வீடியோவை யாரும் நம்ப வேண்டாம். தப்பு நடந்துவிட்டது. மேடம் அழிக்கச் சொன்னார்கள்.'

சாயங்காலத்துக்குள் யாரோ மேலிடத்துக்குப் போன் செய்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, சாமிதுரையோடு பக்கத்து இருக்கையில் வேலை செய்கிற திரௌபதி வேறு அடிக்கடி வந்து வாசலில் நிற்பாள். பொம்மைகளுக்குச் சேலை வண்ணம் பூசுகிறவள்.

"அண்ணன ஒரு எட்டு பாத்துட்டுப் போறேங்க."

"தெரபி நேரத்துல வெளியாளுங்கள உள்ள வுடக் கூடாதும்மா."

"எப்பிடி இருக்காருன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாதும்மா."

"அப்ப என்னாதான் சொல்லுவீங்க?" என்று அலுத்துக்கொண்டே திரும்பிப் போவாள்.

சுகாதாரத் துறையிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் திருமால். வந்ததும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த சான்றிதழை மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் படித்தார்.

"பதிவு சரியாத்தான் இருக்குது. நீங்க டாக்டர்னு போட்டுக்கிட்டதா புகார்."

"ஒரு நாள் காலைல பேனர் பாதி கட்டினாங்க சார். கழட்டச் சொல்லிட்டேன்."

"டாக்டர் இல்லன்னு போட்டுக்கிட்டதாவும் புகார்."

"அதையும் கழட்டிட்டேன் சார்."

"குணமாவும்னு கியாரண்டி குடுத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"குணமாவாதுன்னு?"

"அதுக்கும் கியாரண்டி குடுக்க முடியாதுங்க."

திருமால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயாளிக்குக் கை அசையுதுன்னு வீடியோ சுத்துச்சு. அப்பறம் அது பொய்யின்னு சுத்துச்சு. எதும்மா நெசம்?"

"அத நான் சொல்லக் கூடாது சார். அவருதான் சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் திரௌபதியின் குரல். இந்த முறை அவள் வெறுங்கையோடு வரவில்லை. கம்பெனி முதலாளி நடராசன், வைக்கோல் சுற்றிய கூடையில் சுட்ட பொம்மைகள் சிலவற்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கொலு சீசன் நெருங்குகிறது. சாமிதுரை வேலைக்குத் தகுதி என்று தமிழினி ஒரு சர்டிபிகேட் கொடுத்தால் அவர் இடம் அவருக்கே, இல்லையென்றால் வெளியூரிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்.

தமிழினி வாசலுக்கே வந்தாள். "அந்த மாதிரி சர்டிபிகேட் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அவரால இன்னின்ன செய்ய முடியுதுன்னு பாத்து, பாத்தத மட்டும் எழுதிக் குடுக்கலாம்."

"அப்ப பாத்துருவோம்," என்றார் திருமால்.

எல்லோரும் உள்ளறை வாசலுக்கு வந்தார்கள். தமிழினி சாமிதுரையின் அருகே குனிந்து, வந்தவர்கள் யார் யார் என்று சொல்லி, அவர்கள் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் உறை மாட்டிய கையால் டிக் அட்டையைத் தட்டினார். திரௌபதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல," என்றார்.

திரௌபதி கூடையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சேலையும் நகையும் வண்ணம் வாங்கியிருந்தன. முகம் மட்டும் வெள்ளையாக, ஒன்றுமே பார்க்காமல் இருந்தது.

சாமிதுரை இந்த முறை சிரிக்கவில்லை. வலது கை மெல்ல ஊர்ந்து போய்ப் பிரஷ்ஷை எடுத்தது. கறுப்பில் தோய்த்தது. விளிம்பில் வழித்தது. தூக்கியபோது தோள் நடுங்கியது, முழங்கை நடுங்கியது. நடுக்கம் மணிக்கட்டுவரை வந்து, அங்கே நின்றுவிட்டது. விரல் நுனியில் ஆட்டமே இல்லை.

வளவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

மேல் இமைக்கு ஒரு வளைவு. கீழ் இமைக்கு இன்னொன்று. நடுவே ஒரு கரும்பொட்டு. அடுத்த கண்ணுக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார். வளைவு ஒரு மயிரிழை சாய்ந்துதான் விழுந்தது. ஆனால் அந்த இரண்டாவது பொட்டை வைத்துப் பிரஷ்ஷை எடுத்த கணத்தில், அதுவரை வெறும் பீங்கானாக இருந்த பொம்மை அங்கே நின்றிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

வளவன் தேம்பி அழுதான். திருமால் தான் அதிகாரி என்பதையே மறந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்பதுபோலக் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், "இத எந்த விதியில சேக்கறதும்மா?" என்றார்.

தமிழினி குனிந்து பொம்மையின் கண்களைப் பார்த்தாள். படித்த படிப்பு, கட்டிக் காத்த விதிகள், பட்ட அவமானம் எல்லாம் அந்த இரண்டு கண்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல இருந்தது. இழந்ததை ஒரு மனிதர் திரும்ப வாங்கிவிட்டார். இதற்குத்தானே!

திரௌபதி மட்டும் வாயில் வைத்த கையை எடுக்காமல், பொம்மையைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள், மூட்டை கட்டிய இடது கையைப் பார்த்தாள்.

"அடி ஆத்தி! பொறந்ததுலேர்ந்து எங்கண்ணன் கண்ணு எழுதறது பீச்சாங்கையாலங்க! சோறு திங்கறதத் தவுர ஒரு வேலையும் தெரியாத கையில போயி எப்பிடிங்க எழுத வச்சீங்க?"