ஒன்றும் தெரியாத ஆள் தேவை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, நீ அனுப்பிய படத்தில் தெறிக்கப் பார்க்கிற சட்டைப் பொத்தானே சொல்கிறது.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் ஒன்றுமே தெரியாத ஆள் யார் என்று என் மகள், அதுதான் உன் மருமகள், தேடினாள். போட்டியே இல்லாமல் நான் ஜெயித்துவிட்டேன். உன் அத்தானையும் கேட்டுப் பார்த்தாள்தான். தெரியாது என்று சொல்ல அவருக்குத் தெரியாதே.

விஷயம் இதுதான். துணி வெட்ட அளவு போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் கூடி இலவசமாக எழுதுகிறார்களாம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாமாம். துண்டு துண்டாக எழுதியதை ஒன்றாக மூட்டி ஓட வைப்பதற்குப் பேர் பில்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு கோப்பின் பேரையும் பட்டியலில் எழுத வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துக்கொள்ளும். இவள் அதை மாற்றி, கோப்புறையில் இருப்பதை எல்லாம் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டாள். ஒன்றும் தெரியாத ஒருவர் உன் செய்முறைக் குறிப்பைப் பார்த்துத் தானாகவே பில்டு செய்து முடித்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று குழுவின் பொறுப்பாளர் சொன்னாராம். ஏற்றுக்கொண்டால் இவள் பேர் அதில் ஏறும். அதைப் பார்த்துவிட்டு வேலை தருகிறோம் என்று ஓர் அலுவலகம் சொல்லியிருக்கிறது. படிப்பு முடிந்து சும்மா இருக்கிற பிள்ளை, நகத்தைக் கடித்தே வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

நான் திரைச்சீலை தைக்கிற கடையில் இருக்கும் பழைய கணினியில் உட்கார்ந்தோம். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. கேள்வி வந்தால் ஆம் என்று பதில் சொல்லவும் என்று குறிப்பில் இருந்தது. கேள்வி வந்தது, சொன்னேன். அது அசையவில்லை, செவிடோ என்று நினைத்து இன்னும் சத்தமாக ஆமாம் என்றேன். பின்னறையிலிருந்து உன் அத்தான், "என்ன ஆமாம்? நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். இவள் ஒரு துண்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு போய், சொல்லவும் என்பதைத் தட்டவும் என்று திருத்தினாள். மறுபடி தொடங்கினால் பாதியில் சிவப்பு எழுத்தாகக் கொட்டி நின்றுவிட்டது. அவள் கணினியில் என்றைக்கோ போட்டு வைத்த ஏதோ ஒன்று இதில் இல்லையாம்.

"என்கிட்ட நல்லா ஓடுதேம்மா" என்றாள், அழுகிற குரலில்.

"உன்கிட்ட ஓடும்டி. புகுந்த வீட்டுக்குப் போனாத்தானே பொறந்த வீட்ல என்னென்ன இருந்துச்சுன்னு தெரியும்" என்றேன்.

சிரித்துவிட்டாள். விட்டுப்போனதைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்கும்படி இரண்டு வரி எழுதினாள். திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன். இந்தத் தடவை பச்சையாக ஒரு வரி வந்து நின்றது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் மூக்குக்கண்ணாடி வளைந்து, இப்போது உலகமே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பொறுப்பாளரும் சரி, அனுப்பு என்று எழுதிவிட்டார். குளித்துவிட்டு வந்து அனுப்பப் போகிறாள், அதற்குள் அவள் கணினியிலேயே இதை ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிள்ளைக்கு வழி பிறந்துவிட்டது தம்பி.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் உன்னைப் போல் ஆகாமல் நன்றாக வளர ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: மறுநாள் எழுதுவது. கடிதத்தை எங்கே சேமிக்க என்று கணினி கேட்டது, திறந்திருந்த இடத்திலேயே சேமித்தேன். அது அவள் அனுப்ப வைத்திருந்த கோப்புறையாம், பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள். இப்போது எந்த நாட்டிலும் பில்டு ஆகவில்லை. 'அன்புள்ள தம்பிக்கு' என்ற முதல் வரியிலேயே பிழை என்று வருகிறதாம். தம்பி யார் என்று பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்.