தொண்டைக்குள் ஒரு பை

பொறாமைப்படக் கூடாது என்று உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, பிள்ளைகளா.

நீங்கள் சிறுசாக இருந்தபோது, உங்கள் சித்தப்பாவுக்கு (அம்மாவின் தங்கை வீட்டுக்காரர்) சிறுநீரகத்தில் கல். என் மாமியார் சேவுகம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு நாட்டுக்கோழி சூப்பு கொண்டு வந்தார். மூத்த மருமகனான எனக்குத் தூக்குச்சட்டி பிடிக்கும் வேலை. (மூடியைத் திறந்து மோந்து பார்த்ததோடு சரி.) 'ஒரு கல்லுக்கா இம்புட்டு மரியாதை?' என்று வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம் எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. ஸ்கேன் எடுத்தவர், "தைராய்டுல கட்டி மாதிரி தெரியுது, மதுரையில காமிங்க" என்றார். பயந்துதான் பஸ் ஏறினேன். ஆனாலும் வீடு வந்து சேர்வதற்குள் மனசு சொல்லிவிட்டது: கல்லைவிடக் கட்டி பெரிசு!

சூப்பு வந்தது. "இன்னுங் கொஞ்சம் குடிங்க மாப்ள" என்று மாமியார் அழுதார். சித்தப்பாவும் கண்ணைத் துடைத்தார். (நடிக்கிறான் என்று நினைத்தேன்.)

மதுரையில் டாக்டரம்மா என் கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்தபடியே தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"தோசைங்க. ஆறு."

"இது கட்டி இல்லைங்க. உணவுக்குழாய்ல சின்னதா ஒரு பை. தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டுனாப்புல இருக்கு. சாப்பாடும் காத்தும் அதுல தங்குது. தண்ணி குடிச்சதும் உருவம் மாறுது பாருங்க. எதுக்கும் மருந்து குடிக்க வச்சு ஒரு எக்ஸ்ரே பாத்துருவோம்."

எக்ஸ்ரேயிலும் பைதான். உயிர் பிழைத்தவன் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். நானோ, "சீட்டுல மட்டும் கட்டின்னே எழுதித் தர ஏலாதுங்களா?" என்று கேட்டேன். டாக்டரம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் சித்தப்பா மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கட்டி இல்லேன்னா முடி தாரேன்னு பழனிக்கு வேண்டியிருந்தேன்."

"எஞ் சாமீ!" என்று மாமியார் கட்டிக்கொண்டு அழுதார். எனக்காக அடுப்பிலிருந்த சூப்பு தூக்குச்சட்டியோடு அவருக்குப் போனது.

சாவி காணோம் என்றால் "அப்பா தொண்டைப் பையில தேடு" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சேவுகம்பட்டி வீட்டில் சித்தப்பாவின் அந்த மொட்டைத்தலைப் போட்டோ மாட்டியிருக்கிறதே, அதில் ஓரமாகத் தூக்குச்சட்டியோடு நிற்பது யார் என்று உற்றுப் பாருங்கள்.