செல்லம்மாவும் பழைய செல்லும்

ஆரணியில் பட்டுச் சேலையை விட்டுவிட்டு, அதைக் கட்டியிருப்பவரின் வாயை உற்றுப் பார்த்த ஒரே மனுஷி செல்லம்மாதான். ஆரணி என்ன, உலகத்திலேயே அப்படி இன்னொருத்தர் இருக்க முடியாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜப் பெயர் வேறு. காலேஜில் விலங்கியல் டீச்சர், என் வீட்டு மூன்றாவது மாடியில் குடியிருந்தார். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒத்தைத் தறியில் ஆரம்பித்து மூன்று மாடி கட்டியவன். அந்த மாடியில் மரப்பெட்டிக்குள் லென்ஸ், விளக்கு, ஒயர் எல்லாம் சொருகி அம்மா ஏதோ மெஷின் செய்துகொண்டிருந்தார். எந்நேரமும் செல்லு, செல்லு என்றே பேச்சு. தெரு அவரைச் செல்லம்மா ஆக்கிவிட்டது.

கைப்பை நிறையப் பஞ்சுக்குச்சி. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தாவிடம் போய், கொஞ்சம் ஆ காட்டுங்க, கன்னத்து உள்பக்கம் லேசா தேச்சிக்கிறேன் என்றார். தாத்தா பாயசத்துக்குக்கூட நிற்கவில்லை. கண்ணமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே குதித்துவிட்டார். செல்லு ரிப்பேர் ஒரு கிறுக்கு, பஞ்சுக்குச்சி தனிக் கிறுக்கு என்று நான் ரெண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன்.

ஒரு நாள் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"ஐயா, வயசான செல்லைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்கு கவர்மெண்ட் பணம் தருதாம். செவ்வாக்கிழமை டில்லியிலேர்ந்து பாக்க வராங்க. அறுபது தாண்டினவங்க பத்துப் பேராவது ஒத்துக்கினு வந்து நிக்கணும். ஆளே வரலைன்னு ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. இதுவும் போச்சுன்னா பொட்டியைக் கட்டிகினு சொந்த ஊரு வெம்பாக்கத்துக்கே போயிட வேண்டியதுதான்."

"பத்தா? நான் சொன்னா தெரு கொள்ளாது, போம்மா."

சொன்னேன். டீக்கடை, சலூன், கோயில் வாசல், ஒன்று விடவில்லை. பெரியவங்க எல்லாம் பழைய செல்லை எடுத்துகினு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வாங்க, கவர்மெண்ட் பணம் தருது என்றேன்.

அன்றைக்கு மூன்று அதிகாரிகள் காரை விட்டு இறங்கினால், தெருமுனை வரைக்கும் வரிசை. எல்லார் கையிலும் பட்டன் போன். மூடி இல்லாதது, ரப்பர் பேண்டு போட்டது, மஞ்சள் குங்குமம் வைத்தது. ஒருத்தர் அதிகாரியையே மடக்கி, சார்ஜரும் சேத்துக் குடுக்கணுமா என்று கேட்டார்.

செல்லம்மா ஓடி வந்தார். படிக்கட்டில் ஏறி நின்று, இது போன் இல்லை, உடம்புக்குள் இருக்கிற செல் என்று சொன்னார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைய ஆரம்பித்தது. ஒரு அதிகாரி பேனாவை மூடினார்.

"ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார் செல்லம்மா. "வயசான செல் வேலையும் செய்யாது, சாகவும் சாகாது. சும்மா ஒக்காந்துகினு பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்."

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"அப்ப மொதல்ல ஓனருதைப் பாரும்மா" என்றார் எதிர்வீட்டு நெசவுக்காரர்.

வந்த கோபத்தில் ஆ என்று வாயைத் திறந்தேன். பஞ்சுக்குச்சி உள்ளே போய் வந்தது. மருந்து விட்டு வைத்தால் வயசான செல் மட்டும் நீலமாகுமாம். அவ்வளவுதான், என்னைவிடத் தனக்கு நீலம் கம்மி என்று காட்ட ஊரே முண்டியடித்தது. பத்துப் பேரா கேட்டார்கள்? பஞ்சுக்குச்சியே தீர்ந்துபோனது. சாயங்காலம் மெஷினில் பார்த்தால், ஆரணியிலேயே என்னுதுதான் அடர்நீலம், கெட்டிச் சாயம். எதிலும் முதலில் வந்துதான் எனக்குப் பழக்கம்.

பணம் கிடைத்தது. செல்லம்மா மெஷினோடு சென்னையில் பெரிய லேபுக்குப் போய்விட்டார். போகும்போது என் பட்டன் போனைச் சிம்மோடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் புது போனிலிருந்து அந்த நம்பருக்கு அடிப்பேன். "சொல்லுங்க, பழைய செல்லு" என்று எடுப்பார். என்ன விஷயம் என்பார்.

விஷயம் ஒன்றும் இருக்காது. சும்மா உட்கார்ந்துகொண்டு அவர் வேலையைக் கெடுக்கத்தான் அடிப்பேன்.