பதினோரு பேருக்குத் தண்ணீர் முறை போட்ட கம்ப்யூட்டர்

உ
உத்தமபாளையம்,
ஞாயிறு மாலை

சென்னையில் இருக்கும் அன்பு மகள் ஹேமாவதிக்கு, பெரியப்பா நல்லகண்ணு எழுதும் மெயில். நானும் உன் பெரியம்மா ராமுத்தாயும் நலம், வாழைகளுக்குத்தான் தாகம். நீ லீவு போட்டு வரவேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். புரோகிராம் எழுதும் எடிட்டரை நானே கம்ப்யூட்டரில் அமைத்துவிட்டேன்!

நம் வாய்க்காலில் பதினோரு பேர். போன கோடையில் தண்ணீர் முறைக்காக இரண்டு பேர் மண்வெட்டியோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போனார்களே, அது இனி வேண்டாம், யாருக்கு எந்த நேரம் என்று கம்ப்யூட்டரே சொல்லட்டும் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாளை காலை மடை திறக்கிறது. நீ அனுப்பிய குறிப்புப்படி எடிட்டரையும், அதில் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் கம்பைலரையும் இறக்கினால், கம்பைலர் இருக்கும் இடமே எடிட்டருக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் பேசாமலிருக்கும் சம்பந்திகளைப் போல. 'பாத்' என்ற இடத்தில் கம்பைலரின் முகவரியைச் சேர்த்ததும் பேச்சுவார்த்தை தொடங்கியது. முறைக்கான புரோகிராமை எழுதி ரன் கொடுத்தேன். ஒன்றாம் வரியில் தவறு என்று சிவப்பில் வந்தது. முப்பத்தாறு வருஷம் சிவப்பு மை பிடித்த எனக்கே சிவப்பு!

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, மிஷினு ஒங்களுக்கே முட்டை போட்டுருச்சா?"

"ஒன்னாம் வரியில என்னதான் எழுதுனீக?" என்றாள் ராமுத்தாய்.

"பிள்ளையார் சுழிதான்."

"அதை அழிச்சாத்தான் ஓடுமாக்கும்?" பேச்சிமுத்து துண்டை உதறி எழுந்தார். "சுழிய அழிச்சுட்டு வர்ற தண்ணி என் வாழைக்கு வேணாம்யா. நாங்க பழையபடி மண்வெட்டியிலயே பேசிக்கிறோம்."

பதறிப்போய் உன் குறிப்பை மறுபடி படித்தேன். சுழிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். ஓடிவிட்டது! அப்படிக் கோடு போட்ட வரியை மனிதர் படிக்கலாம், கம்பைலர் தொடாமல் கடந்துபோகுமாம். மகளே, எனக்கு மெய்சிலிர்த்தது. ஓர் அரைப்புள்ளி விட்டாலும் மன்னிக்காத ஒன்று, தனக்கு விளங்காததற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. என் வகுப்பில் நான் ஒருநாளும் அப்படி ஒதுங்கியதில்லை.

"மிஷினும் மருவாதி தெரிஞ்சவுகதான்" என்றார் பேச்சிமுத்து, திரைக்கு ஒரு கும்பிடு போட்டு. பதினோரு சீட்டு அச்சாகி வந்தது. ஆளுக்கொன்று வாங்கி, பார்த்து, சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. இந்த வாய்க்காலில் இப்படி ஒரு சமாதானத்தை நான் கண்டதே இல்லை.

உன் வேலையும் உடம்பும் வாழைக்குருத்துப் போல நிமிர்ந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா

பி.கு.: என்னிடமிருந்த சீட்டுகளின் நகலை இப்போதுதான் படித்தேன். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு நேரத்தைக் கூட்டச் சொல்ல மறந்திருக்கிறேன். பதினோரு சீட்டிலும் திங்கள் காலை ஆறு மணி. எல்லோரும் ஐந்தரைக்கே மடையில் நிற்பார்கள். லீவு போட்டு, இன்றே பஸ் ஏறு.