பேசியே தொலைத்த சிறுநீரகம்

ஆண்டவன் எல்லோரையும் போல எனக்கும் இரண்டு சிறுநீரகங்களைத்தான் கொடுத்தான். அதில் ஒன்றை நான் பேசியே தொலைத்தேன்.

கோத்தகிரி மலைப்பாதையில், அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருடம் மருந்துக்கடையில் நின்றால் எந்த மனிதனுக்கும் தானொரு டாக்டர் என்ற நினைப்பு வந்துவிடும். (எனக்கு இரண்டாவது வருடமே வந்துவிட்டது.) தலைவலி, முட்டிவலி, மருமகள்மேல் எரிச்சல், எதுவானாலும் எஸ்டேட் ஜனங்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நானும் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, மாத்திரையோடு ஒரு சொற்பொழிவும் கொடுத்தனுப்புவேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கடைக்காரர்கள் சங்கம் சமுதாயக்கூடத்தில் இலவச வயிற்று ஸ்கேன் முகாம் நடத்தியது. ஏற்பாடு முழுக்க நான். ஸ்கேன் பார்க்க ஓர் இளம் டாக்டரம்மா வந்திருந்தார். தேயிலை பறிக்கும் பெண்கள் இருபது பேருக்குமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் போகத்தான் ஒருத்திக்கும் தைரியமில்லை.

"இதுலென்ன பயம்? நான் காட்டறேன் பாருங்க" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு நானே முதலில் படுத்தேன். படுத்தவன் சும்மாவாவது கிடந்திருக்கலாம். "இப்ப ஈரல் பாக்கறாங்க... இது பித்தப்பை..." என்று வெளியே கேட்கும்படி நேர்முக வர்ணனை வேறு.

வலது விலாவின் ஓரம் வந்ததும் டாக்டரம்மாவின் கை நின்றது. அதே இடத்தில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். (மூச்சைப் பிடித்தால் பேச முடியாது. என் கஷ்டம் எனக்கு.) பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், கிட்னில ஒரு கட்டி தெரியுது. சி.டி. ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துருங்க."

"நீர்க்கட்டியா இருக்கும்மா. வயசானா நெறையப் பேருக்கு வரும்."

"நீர்க்கட்டின்னா உள்ள தெளிவா, கருப்பாத் தெரியும் சார். இது கெட்டியா இருக்கு. வலி எதுவும் இருக்காது, இப்படி வேற எதுக்கோ பாக்கறப்பத்தான் கண்ணுல படும். சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது."

அவர் குரலைத் தாழ்த்தியதே என் மானத்தைக் காப்பாற்றத்தான். நான் விட்டால்தானே? வயிற்றில் தடவிய ஜெல் வழிய வழிய, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீங்க எத்தன வருசமா ஸ்கேன் பாக்கறீங்க? நான் கடை தொறந்தப்ப நீங்க பள்ளிக்கூடம் போயிருப்பீங்க. நல்லா இருக்கறவனப் படுக்க வெச்சு, கட்டி இருக்குது, கோயமுத்தூரு போன்னா, அப்புறம் எவன் வந்து படுப்பான்?"

பார்வதி என்கிற எஸ்டேட் பெண்தான் முதலில் எழுந்தாள். "அண்ணனே இப்படிச் சொல்றாரு. நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்று பையை எடுத்துக்கொண்டாள். அவள் பின்னாலேயே வரிசையும் போனது. பத்து நிமிடத்தில் நாற்காலிகள் காலி. டாக்டரம்மா என் ரிப்போர்ட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு இயந்திரத்தை மூடினார். (ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.)

ரிப்போர்ட்டைக் கடையில் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்தேன். ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் படிப்பேன். 'நீர்க்கட்டிதான்' என்று எனக்கு நானே ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வைப்பேன். பயம் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் காலை, கோத்தகிரிக்குப் போகிற வழியில் அதே டாக்டரம்மா தொண்டை மாத்திரை வாங்கக் கடைமுன் இறங்கினார். என்னை அடையாளம் தெரிந்தது.

"சார், சி.டி.ல என்ன சொன்னாங்க?"

கல்லாவில் இருந்த என் மனைவி சரோஜா நிமிர்ந்தாள். நான் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைக் கலைத்து மறுபடி அடுக்கத் தொடங்கினேன்.

"ஏனுங்க, உங்களத்தான். என்ன சி.டி.?"

"ஒண்ணுமில்ல சரோஜா, சின்ன நீர்க்கட்டி..."

"எடுக்கவே இல்லையா சார்?" என்றார் டாக்டரம்மா.

சரோஜா எழுந்தாள். நின்றிருந்த வாடிக்கையாளர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி ஷட்டரை இழுத்து மூடினாள். என் அப்பா இறந்த அன்றுகூட எங்கள் கடை பாதி ஷட்டர்தான்.

கோயம்புத்தூரில் சி.டி. எடுத்தார்கள். நீர்க்கட்டி இல்லை. அறுவை சிகிச்சை டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்பவே வந்திருந்தா பெரும்பாலும் கட்டிய மட்டும் எடுத்துட்டு கிட்னிய விட்டிருக்கலாம். இப்ப கட்டி வளந்து கிட்னி நடுவுல எறங்கிருச்சு, முழுசாத்தான் எடுக்கணும். முதல்ல பாத்தவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்களாமுங்க" என்றாள் சரோஜா. "இவருதான் ஒத்துக்கலீங்க."

எடுத்தார்கள். புற்றுநோய்தான். வெளியே பரவியிருக்கவில்லை, அதில் என் கெட்டிக்காரத்தனத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி மலைப்பாதை ஏறினோம். வளைவுகளில் தையல் பிடித்து இழுக்கும்போதெல்லாம் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் நெருங்கும்போதுதான், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

இப்போது சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் யார் என் உடம்பை விசாரித்தாலும் சரோஜாவே முந்திக்கொள்வாள்: "ஒண்ணு போயிருச்சுங்க. இன்னொண்ணு இருக்குதுங்கற தைரியத்துல பேசிட்டிருக்கறாரு." பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

டாக்டரம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கு எந்திரிச்சுப் போனவங்க அப்புறம் எங்கயாவது பாத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பார்வதி கடைக்கு வந்தாள். வயிறு உப்புசமாம்.

"பார்வதி, அன்னிக்கு எந்திரிச்சுப் போனியே, அந்த ஸ்கேன அப்புறமா எடுத்தியா? எடுத்துரும்மா. நான் அன்னிக்குப் பேசுனது தப்பு."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆப்பரேசன் ஆனதுல இருந்து எல்லாத்துக்கும் பயமுங்ணா. மாத்திரையக் குடுங்க, பஸ் வந்துருச்சு."

கொடுத்தேன்.